பாராசெக்ட் செத்த பூச்சியா?



உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. வீடியோ கேமில் வரும் ஒரு பொம்மைக்கு உயிரியல் விளக்கம் தேடுவது வேலையற்ற வேலை இல்லையா என்பது உங்களுடையது. போக்கிமானில் வரும் பாராசெக்ட் செத்துப்போன பூச்சிதானே, முதுகில் இருக்கும் காளான்தானே அதை நடத்திக்கொண்டு போகிறது என்பது உங்கள் மகனுடையது. அவன் கேள்விதான் கூர்மையானது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் இந்த விளையாட்டை ஆடியதில்லை என்று எழுதியிருப்பதால் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். போக்கிமான் வரிசையின் முதல் இரண்டு விளையாட்டுகள் 1996 பிப்ரவரியில் ஜப்பானில், நின்டெண்டோவின் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்காக வெளியாயின. உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். டோக்கியோவை ஒட்டிய மச்சிதாவில் வளர்ந்தவர். அங்கிருந்த குளங்களும் வயல்களும் கட்டடங்களாக மாறியதைக் கண்ணால் பார்த்தவர். பூச்சி தேடி அலையும் அந்தச் சுகத்தை நகரத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்க நினைத்ததுதான் இந்த விளையாட்டின் விதை என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் தொகுப்பின் 151 உயிரினங்களில் சில, பூச்சியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒருவர் செய்தவை என்று பார்த்ததுமே தெரியும்.

அவற்றில் 46-ஆம் எண் பாராஸ். ஆரஞ்சு நிற உடம்பு, முன்னால் இரண்டு இடுக்கிகள், முதுகில் இரண்டு சிறு சிவப்புக் காளான்கள். 24-ஆம் நிலையை எட்டியதும் அது 47-ஆம் எண்ணான பாராசெக்டாக மாறுகிறது. இரண்டு காளான்களின் இடத்தில் முதுகு முழுவதையும் மூடும் ஒரே பெரிய காளான் வந்துவிடும். கண்களில் கருவிழி இருக்காது, வெறும் வெள்ளை. விளையாட்டிலேயே போக்கிடெக்ஸ் என்று ஒரு குறிப்பேடு உண்டு. பாராஸ் மண்ணைத் தோண்டி மரவேரை உறிஞ்சும், அந்தச் சத்தை முதுகுக் காளான்கள் எடுத்துக்கொள்ளும் என்கிறது அது. பாராசெக்டில் ஒட்டுண்ணிக் காளான் பூச்சியைக் கைப்பற்றிவிட்டது, இருட்டும் ஈரமும் தேடிப் போவது பூச்சியின் விருப்பம் அல்ல, காளானின் விருப்பம் என்றும் சொல்கிறது. 2016-இல் வந்த ‘சன்’ பதிப்பு இன்னும் ஒரு படி போய், பூச்சி அநேகமாகச் செத்துவிட்டது, காளான் கழன்று விழுந்தால் பூச்சி அசையாது என்றே எழுதிவிட்டது. உங்கள் மகன் கால் ஊன்றி நிற்பது இந்த வரியின் மேல்தான்.

முதலில் பூச்சி எது என்று பார்த்துவிடலாம். சிலர் நண்டு என்பார்கள். வேரை உறிஞ்சுவது, தோண்டுவதற்கேற்ற தடித்த முன்னங்கால், ஜப்பானிய ஊர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இது சில்வண்டின் இளம்பூச்சி. கோடையில் மரத்தில் உட்கார்ந்து காதைத் துளைக்கும் சில்வண்டு தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மண்ணுக்குள்தான் கழிக்கிறது. ஜப்பானிய இனங்கள் பல ஆண்டுகள் அப்படி இருக்கின்றன. அமெரிக்காவில் 13 ஆண்டு, 17 ஆண்டு என்று கணக்கு வைத்து ஒன்றாக வெளியே வரும் இனங்கள் உண்டு. அத்தனை காலமும் அவற்றுக்குச் சாப்பாடு வேரின் சைலக் குழாயில் ஏறும் நீர்தான். இந்த நீர் ஏறக்குறைய வெறும் தண்ணீர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காளானையும் விளையாட்டே பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறது: தொசுகாசோ. பூச்சியின் உடம்பில் வளரும் ஓஃபியோகார்டிசெப்ஸ், கார்டிசெப்ஸ் வகைப் பூஞ்சைகளுக்கு ஜப்பானில் வழங்கும் பொதுப்பெயர் அது. இவற்றில் சில்வண்டின் இளம்பூச்சியில் மட்டும் முளைக்கும் இனங்களும் உண்டு. இமயமலையில் மூவாயிரம் மீட்டருக்கு மேல், மண்ணுக்குள் வாழும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுவில் முளைப்பதுதான் இவற்றில் பேர்போனது. உத்தராகண்டில் கீடா ஜடி என்றும் நேபாளத்தில் யார்சாகும்பா என்றும் சொல்வார்கள். பித்தோராகட், சமோலி மாவட்டங்களில் மே, ஜூன் மாதங்களில் கிராமமே மலையேறிப் போய்த் தவழ்ந்தபடி இதைத் தேடும். கிலோ பல லட்ச ரூபாய்க்கு விலைபோகிறது. ஆயுளை நீட்டும் மருந்து என்ற நம்பிக்கைதான் காரணம். பாராஸின் காளானுக்கும் விளையாட்டில் இதே பெருமை சொல்லப்பட்டிருக்கிறது. அளவுக்கு மீறிப் பறித்ததால் 2020-இல் இமயமலைப் பூஞ்சையை அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள்.

உங்கள் மகனின் வாதத்தில் முதல் ஓட்டை இங்கேதான். நிஜமான தொசுகாசோ பூச்சியின் மேல் விழுந்து, தோலைத் துளைத்து உள்ளே போய், உடம்பு முழுவதும் பரவி, பூச்சியைக் கொன்று, உள்ளே இருப்பதை எல்லாம் தின்று தீர்த்து, கூட்டைப் பஞ்சடைத்ததுபோல் இறுக்கிய பிறகுதான் வெளியே தலைநீட்டும். காளான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் பூச்சி செத்து நாளாகிவிட்டது என்று பொருள். அது நடக்காது, வேரை உறிஞ்சாது, சண்டைக்கும் வராது. முதுகில் காளான் முளைத்தபடி உயிரோடு திரியும் பாராஸ், கார்டிசெப்ஸ் காளானின் நேர்நகல் ஆக முடியாது. செத்த உடம்பைக் காளான் நடத்துகிறது என்றால், தசையை ஏற்கெனவே தின்றுவிட்ட ஒன்று எதைக் கொண்டு காலை அசைக்கும்?

‘எறும்பை நடத்துகிறதே’ என்று அவன் கேட்பான். கேட்கட்டும், நல்ல கேள்வி. ஓஃபியோகார்டிசெப்ஸ் யூனிலேட்டராலிஸ் என்ற பூஞ்சையை அவன் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டிலோ தொடரிலோ பார்த்திருப்பான். 1859-இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சுலவேசித் தீவில் இதன் மாதிரியைச் சேகரித்தார் என்பார்கள். தாய்லாந்துக் காட்டில் டேவிட் ஹியூஸ் குழுவினர் செய்த ஆய்வுகள் இதைப் பிரபலமாக்கின. பூஞ்சை தொற்றிய கட்டெறும்பு மரத்தின் உயரத்தில் இருக்கும் தன் கூட்டை விட்டுத் தடுமாறி இறங்கி, தரையிலிருந்து ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் இலையின் அடிப்பக்கத்து நரம்பைக் கடித்துக்கொண்டு அப்படியே சாகிறது. அந்த உயரத்தில் இருக்கும் ஈரப்பதமும் வெப்பமும் பூஞ்சைக்கு ஏற்றவை. பல எறும்புகள் உச்சிவேளையை ஒட்டிக் கடிக்கின்றன. ஜெர்மனியின் மெஸ்ஸலில் கிடைத்த சுமார் 4.8 கோடி ஆண்டுப் பழைய இலைப் படிமம் ஒன்றில் இதே மாதிரியான கடித்தடம் இருக்கிறது. பழைய வித்தை.

ஆனால் கவனியுங்கள். நடந்தது, இறங்கியது, கடித்தது எல்லாம் உயிருள்ள எறும்பு. செத்த பிறகுதான் அதன் கழுத்துப் பக்கத்திலிருந்து காளான் தண்டு கிளம்புகிறது. ‘காளான்தான் யோசிக்கிறது’ என்று போக்கிடெக்ஸ் சொல்வதையும் இங்கே உரசிப் பார்த்துவிடலாம். 2017-இல் இதே ஆய்வுக் கூட்டத்தினர் தொற்றிய எறும்பின் உடம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மெல்லிய சீவல்களாகப் படம் எடுத்து, கணினியில் முப்பரிமாணமாக அடுக்கிப் பார்த்தார்கள். தலை, மார்பு, வயிறு, கால் என்று எங்கும் பூஞ்சை செல்கள். தசை நார்களைச் சுற்றி அவை ஒன்றோடொன்று குழாய்களால் கோத்துக்கொண்டு வலைபோல நின்றன. மூளைக்குள் மட்டும் ஒன்றுகூட இல்லை. பூஞ்சை சுரக்கும் வேதிப்பொருட்கள் மூளைவரை எட்டுகின்றன என்று கருத இடமிருக்கிறது. ஆனால் மூளையைத் தின்றுவிட்டு அந்த இருக்கையில் உட்கார்ந்துகொள்ளவில்லை. பாராசெக்டின் வெள்ளைக் கண்ணைப் பார்த்து உள்ளே யாரும் இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். எனக்கு இது ஜாம்பிக் கதையைவிடக் கலக்கமான செய்தி. அந்த எறும்பு கடைசிவரை உள்ளேதான் இருக்கிறது.

(இந்தப் பூஞ்சை மனிதருக்குத் தொற்றுமா என்ற பயம் வீட்டில் யாருக்காவது இருந்தால் சொல்லிவிடுங்கள்: குறிப்பிட்ட சில எறும்பு இனங்களுக்கு மட்டுமே பழகியது அது, 37 பாகை செல்சியஸ் உடம்புக்குள் பிழைப்பது பெரும்பாலான பூஞ்சைகளுக்கே கஷ்டம்.)

காளான் வெளியே தெரிந்தபடி உயிரோடு நடமாடும் பூச்சி நிஜத்தில் உண்டா? உண்டு, அதுவும் சில்வண்டிலேயே. அமெரிக்காவின் 13, 17 ஆண்டுச் சில்வண்டுகளைத் தாக்கும் மாசோஸ்போரா என்ற பூஞ்சை இருக்கிறது. மண்ணிலிருந்து வெளியே வரும்போது இது தொற்றிக்கொள்ளும். சில நாட்களில் சில்வண்டின் பின்பகுதி கழன்று விழுந்துவிடும்; பிறப்புறுப்பும் அதோடு போய்விடும். அந்த இடத்தில் சுண்ணாம்புக்கட்டி போன்ற வித்துப் பொதி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். உடம்பில் மூன்றில் ஒரு பங்கு இல்லாத நிலையிலும் அது பறக்கிறது, துணை தேடுகிறது, போகிற இடமெல்லாம் வித்தைத் தூவுகிறது. தொற்றிய ஆண்கள் பெண்ணைப்போல் சிறகடித்து மற்ற ஆண்களை வரவழைத்து அவற்றுக்கும் கொடுக்கின்றன. இந்தச் சில்வண்டுகளின் உடம்பில் காத்தினோன் என்ற ஊக்கப்பொருள் இருப்பதை 2019-இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஏமனிலும் சோமாலியாவிலும் மெல்லும் காட் இலையில் இருக்கும் அதே பொருள்.

நச்சு வித்துத் தூவிக்கொண்டு வெறித்த கண்ணோடு திரியும் பாராசெக்டுக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறில்லை என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கும், ஒரு தடை மட்டும் இல்லாவிட்டால். மாசோஸ்போரா பிடித்த சில்வண்டுக்குச் சந்ததி கிடையாது. பூச்சியை உயிரோடு வைத்துக்கொண்டு உடம்பை அபகரிக்கும் ஒட்டுண்ணிகள் பலவற்றின் வழியும் இதுதான்: முதலில் மலடாக்கும், முட்டைக்குப் போக வேண்டிய சத்தைத் தனக்குத் திருப்பிக்கொள்ளும். நண்டைப் பிடிக்கும் சக்குலினா என்ற ஒட்டுண்ணியும் அப்படித்தான். நண்டு தோலுரிப்பதை நிறுத்திவிடும், முட்டையிடாது, ஒட்டுண்ணியின் பொதியைத் தன் முட்டைபோலப் பாதுகாக்கும்.

பாராசெக்டோ முட்டையிடுகிறது.

1999-இல் வந்த ‘கோல்ட்’, ‘சில்வர்’ பதிப்புகளில் இனப்பெருக்கம் என்ற ஏற்பாடு வந்தது. இரண்டு போக்கிமான்களைக் காப்பகத்தில் விட்டால் முட்டை கிடைக்கும். எல்லாவற்றுக்கும் இந்த உரிமை இல்லை. சிலவற்றை முட்டையிடவே முடியாதவை என்று ஒதுக்கிவைத்தார்கள். பாராசெக்டை ஒதுக்கவில்லை. அதன் முட்டையிலிருந்து வருவது காளான் அல்ல, பாராஸ் என்ற பூச்சி. அடுத்த ஆண்டு வந்த ‘கிரிஸ்டல்’ பதிப்பின் குறிப்பேடு இன்னும் தெளிவு: பூச்சியிடமிருந்து எடுக்க ஒன்றுமில்லை என்றானதும் முதுகுக் காளான் பூச்சியின் முட்டை மேல் வித்தைத் தூவிவிடுகிறது, ‘சில்வர்’ குறிப்பேடு சொல்வதுபோல் பாராஸ் பிறக்கும்போதே வித்தில் குளித்துப் பிறக்கிறது. 2016-இன் வரியை நம்புகிறவர்கள் 2000-இன் இந்த வரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இங்கேதான் உயிரியல் கைகொடுக்கிறது. ஓர் ஒட்டுண்ணி அடுத்த பூச்சிக்குத் தாவ எப்படியும் வழி உண்டு என்றால், இருக்கிற பூச்சி செத்தால் அதற்குக் கவலையில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு முட்டை வழியாகப் போவதையே நம்பியிருந்தால் கதை மாறிவிடும். தாய் முட்டையிடாவிட்டால் ஒட்டுண்ணிக்கும் வாரிசு இல்லை. தலைமுறை தலைமுறையாக அப்படிப் போகும்போது கொடுமை குறைந்த பூஞ்சைகளே மிஞ்சும். காலப்போக்கில் அவற்றில் சில பூச்சிக்கு உதவத் தொடங்கும். பாராஸ், பாராசெக்ட் ஜோடி இந்தப் பாதையின் நடுவில் எங்கோ நிற்கிறது என்பது என் வாசிப்பு. ‘அநேகமாகச் செத்துவிட்டது’ என்பது முட்டையிட்டு முடித்த கிழப்பூச்சியின் கடைசிக் காலம். முட்டையிடும் வயதுவரை காளான் அதைச் சாகவிட்டிருக்க முடியாது.

இப்படிச் சொல்ல எனக்குத் துணிவு கொடுத்தது ஜப்பானிய ஆய்வு ஒன்று. சைல நீர் ஏறக்குறைய வெறும் தண்ணீர் என்றேன் அல்லவா? அதில் இல்லாத அமினோ அமிலங்களைச் சில்வண்டுக்குச் செய்து கொடுப்பவை அதன் உடம்புக்குள்ளேயே குடியிருக்கும் இரண்டு பாக்டீரியாக்கள், சல்சியாவும் ஹாட்ஜ்கினியாவும். பல கோடி ஆண்டுகளாகச் சில்வண்டோடு இருப்பவை. யூ மத்சுவுரா, தகேமா ஃபுகத்சு முதலியோர் ஜப்பானின் 24 சில்வண்டு இனங்களை எடுத்துப் பார்த்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். சல்சியா எல்லாவற்றிலும் இருந்தது. ஹாட்ஜ்கினியா ஒன்பதில் மட்டும்தான். மீதி 15 இனங்களில் அதன் இடத்தில் ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சை உட்கார்ந்திருந்தது. அதன் மரபணுவைப் படித்து வம்சாவளி போட்டுப் பார்த்தபோது அது சில்வண்டைக் கொல்லும் ஓஃபியோகார்டிசெப்ஸ் பூஞ்சைகளின் நெருங்கிய உறவு என்று தெரிந்தது. அதாவது தொசுகாசோ. கொல்ல வந்த வம்சம் சில்வண்டுக்குள் குடிபுகுந்து, அமினோ அமிலமும் வைட்டமினும் சமைத்துப்போடும் சமையல்காரராகிவிட்டது. ஒருமுறை அல்ல, தனித்தனியாகப் பலமுறை.

அவற்றில் பெரும்பாலானவற்றைச் சில்வண்டுக்கு வெளியே ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியவில்லை. அந்த அளவுக்கு வீட்டோடு மாப்பிள்ளை. மெய்முனா ஓபாலிஃபெரா என்ற ஒரே ஓர் இனத்தின் பூஞ்சை மட்டும் வெளியேயும் வளர்ந்தது. குடிபுகுந்து நீண்ட காலம் ஆகியிருக்காது என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். கோடை முடியும் நேரத்தில் ஜப்பானில் த்சுகு-த்சுகு என்று கத்தும் சில்வண்டு அது. பாராஸுக்கு நிஜ உலகில் ஒரு சொந்தக்காரரைச் சுட்டிக்காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன்.

முட்டையில் வித்துத் தூவுவதற்கும் சாட்சி இருக்கிறது. ஜப்பானிய நாற்றப்பூச்சி ஒன்று முட்டைகளோடு பாக்டீரியா அடைத்த சிறு உருண்டைகளையும் இட்டு வைக்கும். குஞ்சு பொரிந்து வந்ததும் முதல் வேலையாக அதை உறிஞ்சும். அதே ஃபுகத்சுவின் குழு அண்மையில் ஆராய்ந்த இன்னொரு நாற்றப்பூச்சி இதைவிட வினோதம். பூசணி வகைக் கொடிகளில் வாழ்வது. பெண்ணின் பின்னங்காலில் ஒரு தனி உறுப்பு உண்டு. அது காது என்றே முன்பு எண்ணியிருந்தார்கள். பார்த்தால் அது ஒரு பூஞ்சைத் தோட்டம். அங்கே வளரும் பூஞ்சையை ஒவ்வொரு முட்டையின் மேலும் பெண் பூச்சி தேய்த்துவிடுகிறது. பூஞ்சை இழைகள் வளர்ந்து முட்டையைப் போர்வைபோல் மூடிவிட, முட்டைக்குள் முட்டையிட வரும் குளவி தோற்றுப்போகிறது. அந்தப் பூஞ்சைகள் கார்டிசெப்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. விளையாட்டை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, அவர்கள் எழுதி இருபது ஆண்டுகளுக்குமேல் கழித்துத்தான் இது வெளியே வந்தது.

பாராசெக்டுக்குச் சிறகில்லாததற்கும் ஒரு வார்த்தை. சில்வண்டின் இளம்பூச்சி என்றால் அது ஒருநாள் மரமேறி, தோலுரித்து, சிறகோடு பறந்திருக்க வேண்டும். பாராசெக்ட் பெரிதாகிறதே தவிர உருவில் இளம்பூச்சியாகவே நிற்கிறது. ஜிப்ஸி அந்துப்பூச்சியின் கம்பளிப்புழுவைத் தாக்கும் வைரஸ் ஒன்று, தோலுரிக்கச் சொல்லும் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சுரக்கிறது. புழு தோலுரிக்காமல் தின்றுகொண்டே இருக்கும், பிறகு மர உச்சிக்கு ஏறிச் செத்து, உருகி வைரஸாகச் சொட்டும். அந்த ஒரு மரபணுவை எடுத்துவிட்டால் உச்சிக்கு ஏறுவதில்லை என்பதை 2011-இல் நிறுவினார்கள். பாராஸின் காளானும் இப்படி ஏதோ சுரந்து பூச்சியை மண்ணும் ஈரமும் உள்ள பருவத்திலேயே நிறுத்திவைத்திருக்கலாம். இளம்பருவத்திலேயே முட்டையிடும் விலங்குகளும் உண்டு, ஆக்ஸலாட்டல் என்ற மெக்சிகோ நீர்ப்பல்லியைப்போல.

எல்லாம் பொருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாராசெக்டின் உயரம் 1 மீட்டர், எடை 29.5 கிலோ. குழாய்களால் மூச்சுவிடும் பூச்சிக்கு இன்றைய காற்றில் இந்த உடம்பு கட்டுப்படியாகாது; நிகோபாரில் வாழும், தரைவாழ் கணுக்காலிகளில் மிகப் பெரியதான தென்னை நண்டே நான்கு கிலோவைச் சுற்றித்தான் நிற்கிறது. இங்கே உயிரியல் கைவிரித்துவிடும். அதேபோல விளையாட்டு இதைப் பூச்சி, புல் என்ற இரட்டை வகையில் வைத்திருக்கிறது. காளான் புல் அல்ல. பூஞ்சைகள் தாவரத்தைவிட விலங்குக்கு நெருங்கிய உறவு. பூச்சியின் ஓட்டில் இருக்கும் கைட்டின்தான் பூஞ்சையின் செல் சுவரிலும் இருக்கிறது. பழைய சீன மருத்துவத்திலும் தொசுகாசோ கோடையில் புல்லாகிவிடும் புழு என்றே எண்ணப்பட்டதால் இந்தத் தவறை மன்னித்துவிடலாம். மழை பெய்தால் தேறுவதும் வெயிலில் வாடுவதும் பாராசெக்டின் இயல்பாக வைத்தார்களே, அதற்குத் தனியாக ஒரு பாராட்டு.

இனி உங்கள் கேள்வி. நம் உரையாசிரியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கிடக்கும் சொல்லோடு ‘மாட்டு’ என்று சொல்லிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அது வலிந்து பொருள்கொள்வது என்று திட்டியவர்கள் உண்டு; ஆனாலும் அப்படிச் சேர்ப்பதற்காக அவர் கொண்டுவந்து கொட்டும் அறிவுக்காக இன்றும் அவரைப் படிக்கிறோம். போக்கிடெக்ஸ் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆட்கள் எழுதிய துண்டு வரிகள். அவற்றை முரண்படாமல் ஒன்றுசேர்க்க முயலும் பிள்ளை, ஒட்டுண்ணி என்றால் என்ன, முட்டை எதற்கு, மூளை எங்கே என்று தேடத்தான் வேண்டியிருக்கிறது. இதில் வேலையற்ற வேலை எது என்றால், முதலில் கிடைத்த திகிலான விளக்கத்தோடு நின்றுவிடுவது. ‘செத்த பூச்சி’ என்பது அப்படிப்பட்ட விளக்கம். திகிலுக்காகப் பாதி வரிகளைப் பார்க்காமல் விட்டுவிடுகிறது.

விஞ்ஞானிகளும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் அல்ல. 2008-இல் ஒசாகாவில் விழித்திரையில் கண்டுபிடித்த ஒரு புரதத்துக்கு பிக்காச்சூ என்ற போக்கிமானின் பெயரால் பிக்காச்சூரின் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே புற்றுநோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவுக்குப் போக்கிமான் என்றே பெயரிட்டு, உரிமையாளர்கள் எதிர்த்ததால் மாற்ற வேண்டியதாயிற்று.

பூச்சிக் காளானும் வெறும் வேடிக்கைப் பொருள் அல்ல. உறுப்பு மாற்று அறுவையைச் சாத்தியமாக்கிய சைக்ளோஸ்போரின் மருந்து நார்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. அந்தப் பூஞ்சை வண்டுப் புழுவில் முளைக்கும் கார்டிசெப்ஸ் உறவு என்பது 1990-களில்தான் தெரிந்தது. க்யோட்டோவின் தெத்சுரோ ஃபுஜிதா தொசுகாசோ வகைகளில் இதேபோன்ற மருந்து இருக்கலாம் என்று தேடி, சில்வண்டில் முளைக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து மிரியோசினைப் பிரித்தார். அதன் வேதி அமைப்பை எளிமையாக்கிச் செய்ததுதான் ஃபிங்கோலிமோட். 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் திரும்பத் தாக்குவதைக் குறைக்க அங்கே வாய்வழியாகக் கொடுக்கப்பட்ட முதல் மருந்து.

மகனுக்கு நேரில் பார்க்க ஆசையிருந்தால் ஜப்பானுக்குப் போக வேண்டாம். தென்னந்தோப்பு வைத்திருக்கும் உறவினர் யாராவது இருப்பார்கள். எருக்குழியில் வளரும் காண்டாமிருக வண்டின் புழுவை ஒழிக்க மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் கலக்கச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கலந்த குழியைச் சில வாரம் கழித்துக் கிளறினால், செத்துக் கட்டையாகி மேலே பச்சைப் பொடி பூத்த புழுக்கள் கிடைக்கும். அந்தப் புழுவையும் பாராசெக்டையும் அவன் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். செத்த பூச்சியில் காளான் எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்துவிடும்.

என் முடிவு: பாராசெக்ட் செத்த பூச்சி அல்ல, உயிரோடு இருக்கிறது, முட்டையிடுகிறது, காளானோடு இன்னும் கணக்குத் தீராமல் இருக்கிறது. உங்கள் மகன் ஒப்புக்கொள்ள மாட்டான் என்றால் அந்த முட்டையை இட்டது யார் என்று அவனைக் கேளுங்கள். அவன் சொல்லும் பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள்.